சப்லோ டிக்கெட்டில் லடாக்

வெள்ளி, சென்னை

இன்று மாலை டெல்லி போகிறோம், இடம் இருந்தால். நாளை காலை அங்கிருந்து லே, அதுவும் இடம் இருந்தால்.

மகள் சென்னை விமான நிலையத்தில் ஒரு விமான நிறுவனத்தின் செக்-இன் கவுன்டரில் வேலை பார்க்கிறாள். அங்கே ஊழியர்களுக்கும், அவர்கள் பதிவு செய்து வைத்திருக்கும் துணைவர், பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கும் வருடத்துக்கு இத்தனை என்று சலுகை டிக்கெட் உண்டு. விமான நிலையத்தில் எல்லோரும் அதைச் சப்லோ என்கிறார்கள், 'சப்ஜெக்ட் டு லோடு' என்பதன் சுருக்கம். முழுக்காசு கொடுத்தவர்கள் எல்லாரும் வந்து, அதற்குப் பிறகும் இருக்கை மிஞ்சினால் நமக்கு. மிஞ்சாவிட்டால் அடுத்த விமானத்துக்குப் பெயரை மாற்றிக் கொடுப்பார்கள். அடிப்படைக் கட்டணம் பெயருக்குத்தான். ஆனால் விமான நிலையப் பயனர் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், 5 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் மற்றவர்களைப் போல நாமும் கட்டியாக வேண்டும். "ஃப்ரீயாமே?" என்று ஊரில் கேட்கிறவர்களுக்கு: இல்லை.

நான் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவன். சலுகைப் பயணம் எனக்குப் புதிதில்லை. பாஸிலும், மூன்றில் ஒரு பங்கு கட்டணம் கட்டிப் போகும் பிடிஓவிலும் குடும்பத்தோடு பாதி இந்தியாவைப் பார்த்தாயிற்று. ஆனால் ரயில்வே பாஸில் ரிசர்வேஷன் உண்டு. பெர்த் உறுதியானால் அது என்னுடையது. எந்தக் கோடீஸ்வரன் வந்தாலும் எழுப்ப முடியாது. சப்லோவில் கதவு மூடும் வரை எதுவும் நம்முடையது இல்லை. ஏறி உட்கார்ந்த பிறகும் இறக்கிவிட வாய்ப்பு உண்டு என்று மகள் சொன்னபோது, வெயிட்டிங் லிஸ்ட்காரனைக்கூட நாங்கள் இப்படி நடத்தியதில்லையே என்று தோன்றியது.

விதிகளை நேற்று, ஆடி அமாவாசைத் தர்ப்பணம் முடிந்த கையோடு, உட்கார வைத்துச் சொன்னாள். பெட்டி செக்-இன் போடக் கூடாது. நாம் ஏறாவிட்டால் பெட்டியைத் தேடி இறக்குவது அவர்களுக்குத் தலைவலி. கைப்பை 7 கிலோவுக்குள். எனக்கு வேட்டி வேண்டாம், பேண்ட், காலர் வைத்த சட்டை, ஷூ. அம்மாவுக்குப் புடவை சரி. கவுன்டரில் குரல் உயர்த்தவே கூடாது, புகார் அவள் பெயரில்தான் போகும், சலுகையை நிறுத்திவிடுவார்கள். பக்கத்துப் பயணியிடம் டிக்கெட் விலை பேசக் கூடாது. அப்புறம், திரும்பி வரும் நாளுக்கு மறுநாள் எந்த முக்கிய வேலையும் வைத்துக்கொள்ளக் கூடாது.

கடைசி விதிக்குத்தான் என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு ஆடிப்பெருக்கு. கல்யாணம் ஆனதிலிருந்து ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கரை அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகாத வருடம் கிடையாது. "வியாழக்கிழமையே கிளம்பிடுவோம்மா, மூணு நாள் இருக்கே" என்றாள். மகள் ஒன்றும் சொல்லவில்லை.

உடை விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பா என்று சிரிக்கலாம். 2017 மார்ச்சில் அமெரிக்காவின் டென்வரில், ஊழியர் பாஸில் மினியாபொலிஸ் போக வந்த இரண்டு சிறுமிகளை லெகிங்ஸ் போட்டிருந்தார்கள் என்று யுனைடெட் நிறுவனம் ஏற்ற மறுத்தது. பெரிய சண்டையாகி உலகம் முழுக்கச் செய்தியானது. காசு கொடுத்த பயணி அதே உடையில் ஏறலாம், பாஸில் வருகிறவர் நிறுவனத்தின் ஆள், அவருக்கு விதி வேறு என்பதுதான் அவர்கள் சொன்ன பதில். லடாக்குக்காக வாங்கிய குளிர் ஜாக்கெட்டைப் பையில் வைத்தால் எடை ஏறும் என்று மீனம்பாக்கத்து வெயிலில் போட்டுக்கொண்டே நின்ற எனக்கு, அந்தச் சிறுமிகள் மேல் இரக்கமாகத்தான் இருந்தது.

கவுன்டர் மூடுவது புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்னால். அதுவரை ஓரமாக நின்றோம். மகளுக்கு அப்போது வேறு வரிசையில் ட்யூட்டி. எங்களைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள், அதுவும் விதியாம். மூடியதும் சூப்பர்வைசர் திரையைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். வரிசை இப்படி: வேலை நிமித்தமாகப் போகிறவர்கள் முதலில், பிறகு விடுமுறையில் போகும் ஊழியர், பிறகு ஊழியரோடு வரும் குடும்பம், கடைசியில் ஊழியர் இல்லாமல் தனியாக வரும் குடும்பம். ஒரே வகுப்புக்குள் வேலையில் சேர்ந்த தேதி பார்த்து. மகள் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகிறது. ஆக, நாங்கள் வாலில் வால்.

கிடைத்தது. நடு இருக்கைகள் இரண்டு, ஒன்று முன்னால், ஒன்று கழிப்பறைக்குப் பக்கத்தில். மனைவிக்குப் பக்கத்து இருக்கை அம்மாள் முதல் கேள்வியே "டிக்கெட் என்ன ரேட்டுக்குப் போட்டீங்க?" என்று கேட்டாராம். "எல்லாம் பொண்ணுதான் பார்த்துக்கிட்டா" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாளாம்.

சனி, டெல்லி

லே விமானங்கள் எல்லாம் விடியற்காலையில். இரவு விமான நிலைய நாற்காலியிலேயே கழிந்தது.

முதல் விமானம் நிறைந்தே போனது. சனிக்கிழமை, ஜூலை, கைலாசமே கூப்பிட்டது போல அத்தனை பேர். இரண்டாவதில் கடைசிவரை மிஞ்சிய இருக்கைகள் எங்களுக்குத்தான் என்று கவுன்டர் பையன் நம்பிக்கையாகச் சொன்னான். அப்போது சீருடையில் இரண்டு பேர் டிராலியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். டெட்ஹெட் என்பார்கள்: வேறு ஊரில் விமானம் ஓட்டவோ பணி செய்யவோ பயணியாகப் போகிற ஊழியர்கள். அவர்கள் போகாவிட்டால் அங்கே ஒரு விமானமே நிற்கும், அதனால் அவர்களுக்கு முன்னுரிமை. எங்கள் பெயர் மறுபடி கீழே போனது.

இதில் எனக்கு வருத்தமில்லை. வேலைக்குப் போகிறவனுக்கு இடம் கொடுப்பது நியாயம். காசு கொடுத்தவனை எழுப்பிக் கொடுப்பதுதான் வேறு கதை. லெகிங்ஸ் விவகாரம் நடந்து சரியாக இரண்டே வாரத்தில், 2017 ஏப்ரல் 9-ஆம் தேதி அதே யுனைடெட்டில், சிகாகோவிலிருந்து லூயிவில் போகும் விமானத்தில் நான்கு ஊழியர்களுக்கு இடம் வேண்டும் என்று, ஏறி உட்கார்ந்திருந்த ஒரு மருத்துவரைத் தரதரவென்று இழுத்து வெளியேற்றினார்கள். வீடியோ எடுத்தவர்கள் இருந்ததால் உலகம் பார்த்தது. சப்லோவில் வருகிறவனுக்கு அப்படி யாரையும் எழுப்பும் உரிமை எங்கும் கிடையாது.

மகிபால்பூரில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். டெல்லி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மலிவான அறை என்றால் அந்தத் தெருதான். மிச்சம் பிடித்த காசில் முதல் பகுதி அங்கே போனது.

ஞாயிறு, லே

ஏறினோம்! முதல் விமானத்திலேயே. மூன்று பேர் கொண்ட ஒரு குடும்பம் வராமல் போனதில் எங்களுக்கு அதிர்ஷ்டம். அவர்களுக்கு என்ன ஆயிற்றோ.

ஒன்றேகால் மணி நேரம்தான் பயணம். கடைசி அரைமணி ஜன்னலோரம் இருந்த பையன் தலையைப் பின்னால் சாய்த்து என்னையும் பார்க்க விட்டான். பனிமலைகள் விமானத்துக்குக் கீழே இல்லை, பக்கத்தில் இருக்கின்றன. சிந்து நதிப் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, ஸ்பிதுக் மடாலயம் இருக்கும் குன்றை ஒட்டித் தரை தொடுகிறது. உயரம் 3,256 மீட்டர். ஒரே ஓடுபாதை, மறுமுனையில் நிலம் மலையை நோக்கி ஏறுகிறது, அதனால் ஒரு பக்கமாக இறங்கி எதிர்ப் பக்கமாகவே புறப்பட வேண்டும். ராணுவ விமானத் தளம், போட்டோ எடுக்கக் கூடாது. குஷோக் பகுலா ரின்போச்சே என்ற துறவியின் பெயர் வைத்திருக்கிறார்கள். மங்கோலியாவில் இந்தியத் தூதராகப் பத்து வருடம் இருந்தவர்.

கதவு திறந்ததும் காற்று வறண்டு, லேசாக இருந்தது. இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கடல்மட்டத்தில் கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்குதான் இங்கே. இன்றும் நாளையும் படுத்தே இருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. படுத்துவிட்டோம்.

திங்கள், லே

தலைவலி. வெந்நீர். பூண்டு சூப். அவ்வளவுதான்.

விருந்தினர் இல்லத்தின் மொட்டைமாடியில் ஒரு ஜெர்மானியர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்ததில் அவரும் நம்ம ஜாதி: ஐரோப்பிய விமான நிறுவனம் ஒன்றில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நானும் மெக்கானிக் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் சொன்ன உலகம் வேறு. தன் நிறுவன விமானத்தில் மட்டுமில்லை, ஒப்பந்தம் உள்ள எந்த நிறுவனத்திலும் சலுகையில் போகலாம். பழைய முறைக்கு ஐடி 90 என்று பெயர்: முழுக் கட்டணத்தில் 90 சதவீதம் தள்ளுபடி. ஆனால் முழுக் கட்டணம் என்பது யாரும் வாங்காத உச்ச விலை, அதில் பத்து சதவீதம் சில சமயம் இணையத்தில் கிடைக்கும் மலிவு டிக்கெட்டை எட்டிவிடும். இப்போது பெரும்பாலும் ஸெட் என்ற முறை. தூரத்தை மைல் கணக்கில் மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபடி தாழ்வு, நடு, உயர்வு என்று மூன்று நிலை. கிறிஸ்துமஸானாலும் சரி, காலிப் பருவமானாலும் சரி, விலை மாறாது. மாறுவது இடம் கிடைக்கும் வாய்ப்புதான்.

போனில் எடுத்துக் காட்டினார். மைஐடிடிராவல் என்ற தளத்தில் விமானத்துக்கு விமானம் ஒரு முகம் வரைந்திருக்கிறது: பச்சை சிரித்த முகம், மஞ்சள் உம்மென்ற முகம், சிவப்பு அழுமூஞ்சி. "இதை நம்பாதே" என்றார். அவர் நம்புவது ஸ்டாஃப் டிராவலர் என்ற செயலியை. அதில் கேட்டால், அந்தந்த நிறுவனத்திலேயே வேலை பார்க்கும் யாராவது கணினியைப் பார்த்து, எத்தனை இருக்கை காலி, எத்தனை சப்லோ ஆள் பட்டியலில் இருக்கிறார்கள் என்று உண்மை எண்ணைச் சொல்வார்கள். பதிலுக்கு இவர் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க இப்படி ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லிக்கொள்ளும் ஒரு கூட்டம் இருப்பது எனக்குத் தெரியாது.

வரி பற்றியும் கேட்டார். இந்தியாவில் போக்குவரத்து நிறுவனம் தன் ஊழியருக்குக் கொடுக்கும் சலுகைப் பயணத்தைச் சம்பளத்தோடு சேர்த்து வரி போடலாம் என்று வருமான வரி விதிகளில் ஓர் உட்பிரிவு உண்டு; விமான நிறுவன ஊழியரும் ரயில்வே ஊழியரும் அதற்கு விலக்கு என்று அதே இடத்தில் எழுதியும் இருக்கிறது. பாஸ் செக்‌ஷனில் உட்கார்ந்திருந்த நண்பர் ஒருவர் இதை அடிக்கடி சொல்வார். இத்தனை வருடம் கழித்து லடாக்கில் ஒரு ஜெர்மானியரிடம் சொல்லப் பயன்பட்டது.

செவ்வாய், புதன்

சேர்த்தே எழுதிவிடுகிறேன். லே அரண்மனை, ஒன்பது அடுக்கு, பதினேழாம் நூற்றாண்டில் செங்கே நம்க்யால் மன்னர் காலத்தது. நான் மூன்றாவது அடுக்கோடு நிறுத்திக்கொண்டேன். திக்சே மடாலயத்தில் காலை வழிபாடு. நிம்மு அருகே ஸன்ஸ்கார் நதி வந்து சிந்துவில் கலக்கும் இடம். இரண்டு நிறத் தண்ணீர் கொஞ்ச தூரம் கலக்காமலே ஓடுகிறது. காவிரியும் கொள்ளிடமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கும் அது ஆச்சரியம்தான். பாங்காங் ஏரிக்குப் போகவில்லை, 4,000 மீட்டருக்கு மேல் மனைவியின் ரத்த அழுத்தத்தை வைத்துக்கொண்டு விளையாட வேண்டாம் என்று முடிவு. கடைத்தெருவில் லடாக்கிப் பெண்கள் நடைபாதையில் உட்கார்ந்து ஆப்ரிகாட் பழம் விற்கிறார்கள். உலர்ந்ததைத்தான் இதுவரை தின்றிருக்கிறேன், புதிதாகப் பறித்தது வேறு ரகம். உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர் எனக்கு இறங்கவில்லை. மனைவி இரண்டு கோப்பை குடித்தாள்.

புதன் இரவு மகளின் செய்தி: "நாளைக்கு லோடு பரவாயில்லைப்பா. முதல் ஃப்ளைட்டுக்கே போயிடுங்க. லேட்டா போனா லே-ல ஒண்ணும் கிடைக்காது."

வியாழன், லே விமான நிலையம்

முதல் விமானம் முழுவதும் நிறைந்து போனது. இரண்டாவதற்கு நின்றோம். வரிசை குறைந்தது, கவுன்டர் மூடியது. எட்டிப் பார்த்தபோது திரையில் இருக்கைப் படம் தெரிந்தது. பின் வரிசைகளில் இருபதுக்கும் மேல் கட்டங்கள் காலி. எனக்கு ஒரே சந்தோஷம். கவுன்டரில் இருந்த லடாக்கிப் பெண் நிமிர்ந்து பார்த்து, "சாரி அங்கிள், ஃப்ளைட் க்ளோஸ்ட்" என்றாள்.

"காலியாக இருக்கிறதே அம்மா?"

"சீட் இருக்கு. வெயிட் இல்லை."

கோபம் வர வேண்டிய இடம். மகளின் விதி ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பெண்ணே கூட்டம் கலைந்த பிறகு எங்களைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினாள். மகளுடைய நிறுவனப் பிள்ளை இல்லையா, கொஞ்சம் பாசம்.

விஷயம் இதுதான். உயரமான ஊரில் காற்றின் அடர்த்தி குறைவு. இறக்கைக்குத் தூக்கும் விசையும் குறைவு, எஞ்சினுக்குத் தள்ளும் விசையும் குறைவு. வெயில் ஏற ஏறக் காற்று இன்னும் மெலிகிறது. ஓடுபாதை நீளம் மாறாது, மலை நகராது. மாற்றக்கூடியது விமானத்தின் எடை ஒன்றுதான். அதனால் வரும்போது நிறைய ஆட்களோடு வந்து இறங்கும் அதே விமானம், திரும்பும்போது இத்தனை கிலோவுக்கு மேல் கிளம்பக் கூடாது என்று அன்றைய வெப்பநிலையையும் காற்றையும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். சில நாள் இருபது இருக்கையை விற்காமலே காலியாக விடுவார்கள். சில நாள் பெட்டிகளை இறக்கி வைத்து அடுத்த விமானத்தில் அனுப்புவார்கள். பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்றும் கிளம்பிவிடும். லேயில் விமானங்கள் காலையிலேயே முடிந்துவிடுவது அதனால்தான். 2024 ஜூலைக் கடைசியில் வெயில் ஏறி, தொடர்ந்து சில நாட்கள் பல விமானங்கள் ரத்தே ஆயின. உறைபனிக்குப் பேர்போன ஊரில் வெயிலால் விமானம் நிற்கிறது.

நாற்பது வருடம் பணிமனையில் இருந்தவன் நான். எஞ்சினுக்குக் காற்று குறைந்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அந்தக் கணக்கில் நானும் மனைவியும் இரண்டு மூட்டை எடையாக எழுதப்பட்டிருக்கிறோம், முதலில் கழிக்கப்படுவது நாங்கள்தான் என்று நேரில் தெரிந்தபோது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது. மூன்றாவது விமானத்துக்கும் நின்றோம். அதற்குள் வெயில் நன்றாக ஏறியிருந்தது. சும்மா நின்றோம் என்று எழுதினால் போதும்.

வெள்ளி, லே

இன்று மேகம். மலை உச்சிகள் தெரியவில்லை. டெல்லியிலிருந்து வந்த விமானங்களில் ஒன்று இறங்காமலே திரும்பிவிட்டது, அப்புறம் வரிசையாக ரத்து.

ரத்தான விமானத்தின் பயணிகள் எல்லாரும் நாளைய விமானங்களுக்கு மாற்றப்படுவார்கள். நாளைக்குப் போதாதவர்கள் ஞாயிறுக்கு. ஒரு நாள் ரத்து, சப்லோகாரனுக்கு மூன்று நாள் அடைப்பு. மகள் போனில் சொன்ன காத்திருப்பு எண்ணிக்கையைக் கேட்டு மனைவி பேசாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். நாளை மறுநாள் ஆடிப்பெருக்கு.

வழிகளை அலசினோம். முழுக் கட்டணத்தில் இரண்டு டிக்கெட்: ஆளுக்கு ரூ.20,000-ஐத் தாண்டியது, அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். இமாசல அரசுப் பேருந்து கீலாங் வழியாக டெல்லிக்குப் போகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், இரண்டு நாள் ஓட்டம், நடுவில் 5,000 மீட்டர் கணவாய்கள். ஸ்ரீநகருக்குக் கார் எடுத்தாலும் கார்கில் வழியாக 400 கிலோமீட்டருக்குக் குறையாது. எதில் போனாலும் ஞாயிறு காலை காவிரியைத் தொட முடியாது.

"விடுங்க. தண்ணி எங்க இருந்தா என்ன, சிந்துவும் ஆறுதானே" என்றாள். சொன்ன குரலில் சமாதானம் இல்லை.

சனி, லே

இருட்டோடு போய் நின்றோம். முதல் விமானம். வியாழக்கிழமை பார்த்த அதே பெண். குளிர்ந்த காலை, எடை கொஞ்சம் தாராளம். கவுன்டர் மூடும் நேரத்தில் எங்களைக் கூப்பிட்டாள்.

"ஒரு சீட்தான் இருக்கு. ரெண்டு நிமிஷத்துல சொல்லுங்க."

மனைவி இதுவரை தனியாக விமானம் ஏறியது கிடையாது. இந்தி தெரியாது. ஆங்கிலம் போர்டு படிக்கும் அளவுக்கு. "நீங்க இல்லாம நான் போகமாட்டேன்" என்றாள் முதலில். நான் மகளை அழைத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, நீ ஏறு. டெல்லியில என் ஃப்ரெண்ட் டோர்லேயே நிப்பா. தமிழ்ப் பொண்ணுதான், மதுரை. மதியம் சென்னை ஃப்ளைட் லோடு காலியா இருக்கு. ராத்திரி கிளாம்பாக்கத்துல நானே உன்கூட பஸ் ஏறுறேன்."

"அப்பா?"

"அப்பா மெக்கானிக். சமாளிச்சுப்பார்."

கவுன்டர்ப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நடப்பது புரிந்துவிட்டது. போர்டிங் பாஸை அச்சடித்து மனைவியின் கையில் வைத்து, விரலால் வாயில் எண்ணைக் காட்டினாள். மனைவி மாத்திரை டப்பாவை என்னிடமிருந்து வாங்கிப் பிரித்தாள்: காலை மாத்திரை, இரவு மாத்திரை, எனக்கு எது, அவளுக்கு எது. அதில் ஒரு நிமிடம் போனது. பாதுகாப்புச் சோதனை வரிசையில் திரும்பிப் பார்த்து, "அந்த வெண்ணெய்த் தண்ணியைக் குடிக்காதீங்க, வயித்துக்கு ஆகாது" என்றாள்.

ரயில்வே பாஸில் இது நடக்காது. குடும்பத்துக்கு என்று எழுதினால் குடும்பத்துக்குத்தான். விமான நிறுவனக் குடும்பங்களில் இது சகஜமாம். பிள்ளை ஒரு விமானம், தகப்பன் ஒரு விமானம், யார் எந்த ஊரில் சாப்பிடுவது என்று திட்டம் போட்டுக்கொண்டே கிளம்புவார்கள் என்று ஜெர்மானியர் சொன்னார். அவர் மனைவியை ஒருமுறை வேறு கண்டத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாராம். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

ஞாயிறு, லே

காலையில் அம்மா மண்டபத்திலிருந்து வீடியோ அழைப்பு. பின்னால் அத்தனை கூட்டம், சத்தம். மனைவி புது மஞ்சள் கயிறு கட்டியிருந்தாள். காதோலை கருகமணி எல்லாம் ஆற்றில் விட்டாயிற்று, எலுமிச்சம் சாதமும் தேங்காய்ச் சாதமும் கட்டிக்கொண்டு போனார்களாம். டெல்லியில் மகளின் தோழி விமானக் கதவுக்கு வெளியிலேயே நின்றிருக்கிறாள், சப்லோவில் வரும் அம்மா அப்பாக்களை இப்படி ஒருவருக்கொருவர் கைமாற்றி அனுப்புவது இவர்களுக்குள் வழக்கமாம். மதியச் சென்னை விமானத்தில் ஜன்னலோரம் கொடுத்திருக்கிறார்கள். "பக்கத்து சீட்டும் காலி, கால் நீட்டிக்கிட்டு வந்தேன்" என்றாள்.

எனக்கு இன்றும் இடமில்லை. விமான நிலையத்திலிருந்து வந்து, மேகி தின்றுவிட்டுத் தூங்கினேன்.

செவ்வாய், சென்னை

நேற்று திங்கட்கிழமை, அடைப்பு விட்டது. வார இறுதிக் கூட்டம் போய்விட்டது, ரத்தில் சிக்கியவர்களும் போய்விட்டார்கள். முதல் விமானத்தில் இடம், கழிப்பறைப் பக்கத்து நடு இருக்கை, எனக்குப் பழகிப்போனதுதான். டெல்லியில் ஒரு விமானம் விட்டு அடுத்ததில் சென்னை.

கணக்குப் பார்த்தேன். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அதிகம். அதில் மகிபால்பூர் அறை, லேயில் கூடுதலாகத் தங்கிய நாட்களின் வாடகை, விமான நிலையத்துக்கும் அறைக்கும் தினமும் ஓடிய டாக்ஸி எல்லாம் போக, பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. வேலையில் இருக்கும்போது இதைச் செய்திருக்க முடியாது. லீவு போட்டவன் திங்கட்கிழமை ஆபீஸில் நிற்க வேண்டும். எனக்கு நேரம் இருக்கிறது. அதனால் லாபம்தான் என்று எழுதிக்கொள்கிறேன்.

இதற்குள் மைத்துனன் போன். பயணக் கட்டுரையைப் படித்துக்கொண்டு வருகிறானாம்.

"மாமா, டிசம்பர் லீவுக்குக் கோவா போறோம். பாப்பாகிட்ட சொல்லி நாலு டிக்கெட் போடச் சொல்லுங்க."

பதிவு செய்த குடும்பத்தைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது, சொந்தக்காரனுக்குக் கொடுத்ததோ காசுக்கு விற்றதோ தெரிந்தால் வேலையே போகும், பண்டிகை நாட்களில் சப்லோவையே பல நிறுவனங்கள் மூடிவிடும் என்று பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். மனைவி போனை வாங்கினாள்.

"டேய், சப்லோல போனா உன் பொண்டாட்டி ஒரு ஃப்ளைட்டு, நீ ஒரு ஃப்ளைட்டு. அவ சனிக்கிழமை வருவா, நீ திங்கக்கிழமை வருவ. பரவாயில்லையா?"

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லாத்தானேக்கா இருக்கு" என்றான்.